கட்டற்ற இயங்குதளமும் நம் தீவுகளும்

தம் வீட்டுப் பெட்டியில் தம் கையாலேயே எழுதி வைத்த ஏடுகளைத் தாமே படிக்க இயலாமல் போன மனிதர் உண்டா என்று கேட்டால், இது என்ன விந்தையான கேள்வி என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆயினும் எங்களுக்கு அது நேர்ந்தது. நாங்கள் இத்தீவுகளில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்பவர்கள். ஆங்கிலத்தில் வரும் சுற்றறிக்கைகளையும் விதிகளையும் இந்தியிலும், வேண்டும்பொழுது தமிழிலும் ஆக்கித் தருவது எங்கள் தொழில். பல ஆண்டுகளுக்கு முன்னர், தனியார் நிறுவனம் ஒன்று விற்ற எழுத்துருத் தொகுப்பைக் கொண்டே எங்கள் பிரிவில் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து சேமித்து வந்தோம். ஒருநாள் பழைய கணிப்பொறி பழுதுற்றது. அதன் இடத்தில் புதியது வந்தது. அந்த எழுத்துருத் தொகுப்பு புதிய பொறியில் இயங்க மறுத்தது. அதை விற்ற நிறுவனமோ அதற்குள் கடையைக் கட்டிவிட்டிருந்தது. கோப்புகளைத் திறந்தால் எழுத்துகளுக்குப் பதிலாகக் கட்டங்களும் குறிகளுமே வரிசை வரிசையாக நின்றன. சில ஆண்டுகளின் உழைப்பு எங்கள் கண்முன்னே இருந்தும் எங்களுக்குப் பயன்படாமல் போயிற்று.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, இத்தீவுகளில் எத்தனையோ பேரின் உயிரையும் உடைமையையும் கொண்டு சென்றதை நாம் அறிவோம். எங்கள் கோப்புகளைக் கடல் கொள்ளவில்லை, கரையான் அரிக்கவில்லை, தீயும் தீண்டவில்லை. அவை வைத்த இடத்திலேயே இருந்தன. அவற்றைத் திறக்கும் சாவி மட்டும் பிறரிடம் இருந்தது. எழுதியவர் நாமாக இருக்க, எழுத்தைத் திறக்கும் சாவி வேறொருவர் கையில் இருப்பது தகுமா என்னும் கேள்வி அன்று எங்கள் உள்ளத்தில் எழுந்தது. அன்று எங்களைத் தடுத்தது ஓர் எழுத்துருத் தொகுப்பு. அதற்கும் அடியில், கணிப்பொறி முழுவதையும் தாங்கி நிற்கும் ஒன்று உண்டு. இயங்குதளம் என்பது அதன் பெயர். அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும், அதை நம் கைக்குக் கொண்டுவரும் வழி யாது என்பதையும் இன்று சிந்திப்போம்.

ஹாடோ துறைமுகத்தில் இரண்டு மூன்று கப்பல்கள் ஒருங்கே வந்து நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எந்தக் கப்பலை எந்த இடத்தில் கட்டுவது, எந்தச் சரக்கை முதலில் இறக்குவது, பயணிகள் எவ்வழியே செல்வது என்பவற்றை ஒருவர் இருந்து முறைப்படுத்தாவிட்டால் துறைமுகம் சந்தைக்கடை ஆகிவிடும். கணிப்பொறிக்குள் அந்த வேலையைச் செய்வதே இயங்குதளம். விசைப்பலகையில் நாம் தட்டும் எழுத்தை ஏற்பதும், அதைத் திரையில் காட்டுவதும், நினைவகத்தில் இடம் ஒதுக்குவதும், அச்சுப்பொறியை ஏவுவதும் அதன் கடமைகள். உலகெங்கும் மேசைக் கணிப்பொறிகளில் பெரும்பாலானவற்றில் இப்பணியைச் செய்வது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் ஆகும்.

அது திறமையான படைப்பு என்பதில் ஐயமில்லை. கோடிக்கணக்கான மக்கள் அதைக் கொண்டே கணிப்பொறியைக் கற்றார்கள்; நாங்களும் அவ்வாறே கற்றோம். ஆகவே அதன்மேல் பகை பாராட்ட வேண்டியதில்லை. ஆனால் அதன் உள்ளே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை வாங்கியவர் பார்க்க இயலாது. தம் தேவைக்கேற்ப மாற்ற இயலாது. பிறருக்குப் படி எடுத்துக் கொடுக்கவும் இயலாது. ஒரு பதிப்புக்கு ஆதரவு எந்நாளில் நிற்கும் என்பதையும் விற்றவரே முடிவு செய்கிறார். விண்டோஸ் 10 என்னும் பதிப்புக்கு வழங்கிவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. அடுத்த பதிப்பு கேட்கும் உறுப்புகள் இல்லாத ஒரே காரணத்தால், நல்ல நிலையில் உள்ள பொறிகள் பலவும் கழித்துக் கட்டப்படும் நிலைக்கு வந்தன. கப்பல் ஏறிவரும் ஒவ்வொரு பொருளுக்கும் கூடுதல் விலை கொடுக்கும் தீவு மக்களுக்கு இது சிறிய செய்தி அன்று.

இதற்கு மாற்றாக உள்ளதே கட்டற்ற இயங்குதளம். இதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், விலையின்மை, விடுதலை என்னும் இரு பொருளையும் ஒருங்கே தருவது. அதனால் அம்மொழி பேசுவோரிடையே குழப்பம் மிகுதி. தமிழில் அக்குழப்பத்துக்கு இடமில்லை. நமக்கு இலவசம் என்பது ஒரு சொல். கட்டற்றது என்பது வேறு சொல். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம் பழமொழி. இலவசமாக வந்த பொருளைப்பற்றி வினவுதல் பண்பாகாது என்பது அதன் கருத்து. கட்டற்ற மென்பொருளோ, பல்லைப் பிடித்துப் பார் என்று நம்மை அழைக்கிறது. அதை எந்தப் பணிக்கும் பயன்படுத்தலாம். உள்ளே எழுதியிருப்பதைப் படித்து வேண்டியவாறு மாற்றலாம். படி எடுத்துப் பிறர்க்கு வழங்கலாம். மாற்றிய வடிவத்தையும் வழங்கலாம். இந்நான்கு உரிமைகளே அதன் இலக்கணம். விலை கொடுத்து வாங்கியபோதும் இவ்வுரிமைகள் இருந்தால் அது கட்டற்றது. விலையின்றிக் கிடைத்தாலும் இவை இல்லையேல் அது கட்டற்றது ஆகாது.

1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், குனு என்ற பெயரில் இத்தகைய இயங்குதளத்தை ஆக்கும் முயற்சியை அறிவித்தார். 1991இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், இயங்குதளத்தின் கருவாகிய லினக்ஸை எழுதி வெளியிட்டார். இரண்டும் இணைந்து ஒரு முழுமையான இயங்குதளம் உருவாயிற்று. 1993இல் தொடங்கிய டெபியன் முதலிய அமைப்புகளில் பல நாட்டுத் தன்னார்வலர்கள் கூடி, அதைத் திருத்தியும் தொகுத்தும் யாவரும் நிறுவிக்கொள்ளத் தக்க வடிவில் தந்து வருகின்றனர். ஊர் கூடித் தேர் இழுத்தல் என்று நாம் சொல்வது இதற்கு முற்றும் பொருந்தும்.

அந்தத் தேர் நெடுந்தொலைவு வந்துவிட்டது. உலகின் மிக விரைவான 500 கணிப்பொறிகளின் பட்டியலில், 2017 நவம்பர் முதல் இடம்பெறுபவை அனைத்தும் லினக்ஸில் இயங்குபவையே. நம் கையில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள்ளும் லினக்ஸ் கருவே இருந்து வேலை செய்கிறது. ஆயினும், பள்ளியிலும் அலுவலகத்திலும் மேசைமேல் உள்ள பொறியில் மட்டும் அது சிறுபான்மையாகவே நிற்கிறது. தரத்தில் குறை இருந்தால் அம்மாபெரும் பொறிகளில் அதற்கு இடம் கிடைத்திராது. விலையோ பெரும்பாலும் இல்லை. பின்னர் ஏன் மேசைக்கு வரவில்லை?

காரணங்கள் மூன்று என்று கூறலாம். முதலாவது, கடையில் வாங்கும்பொழுதே பெரும்பாலான கணிப்பொறிகளில் விண்டோஸ் நிறுவப்பட்டிருக்கிறது. வாங்குபவர் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. தேர்வு அவருக்கு முன்னரே நடந்து முடிந்துவிடுகிறது. அமெரிக்க அரசு 1998இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின்மேல் தொடுத்த வழக்கில், தன் தனியாதிக்கத்தைக் காத்துக்கொள்ள அந்நிறுவனம் சட்டத்துக்கு மாறான முறைகளைக் கையாண்டது என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001இல் உறுதி செய்தது.

இரண்டாவது, கோப்பின் வடிவம். ஓர் அலுவலகம் தன் கடிதங்களை ஒரு நிறுவனத்தின் மென்பொருளுக்கே உரிய வடிவில் சேமித்தால், அதனோடு கடிதப் போக்குவரத்து வைத்துள்ள அலுவலகங்களும் அதே மென்பொருளை வாங்க நேர்கிறது. இந்தக் கட்டை அவிழ்க்கவே, யாவரும் பயன்படுத்தத்தக்க திறந்த ஆவண வடிவம் ஒன்று 2006இல் அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்டது. அதன்பின் மைக்ரோசாஃப்ட் முன்வைத்த மற்றொரு வடிவம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, 2008இல் இந்தியா அதை ஏற்கவில்லை என்றே வாக்களித்தது. ஆயினும் போதிய நாடுகளின் ஆதரவைப் பெற்று அதுவும் தரமாயிற்று.

மூன்றாவது காரணம் எளியது. ஆனால் மற்ற இரண்டையும்விட வலியது. அருகில் உதவ ஆள் இல்லை. விண்டோஸில் ஏதேனும் சிக்கல் வந்தால் பக்கத்து மேசைக்காரரைக் கேட்கலாம்; கடைத்தெருவில் பழுது பார்ப்பவரைக் கேட்கலாம். லினக்ஸில் அச்சுப்பொறி இயங்கவில்லை என்றால் யாரைக் கேட்பது? இந்தக் கேள்விக்கு விடை இல்லாத ஊரில், எத்துணைச் சிறந்த இயங்குதளமும் ஒரு வாரத்துக்கு மேல் நிலைக்காது. முதல் இரண்டு தடைகளை நீதிமன்றமும் தர நிறுவனமும் ஓரளவு தளர்த்தலாம். மூன்றாவதை மக்களே நீக்க வேண்டும். இவ்வுண்மையை நம் அண்டை மாநிலங்களின் அனுபவமே காட்டும்.

தமிழ்நாட்டில் 2007ஐ ஒட்டிய ஆண்டுகளில், எல்காட் எனப்படும் தமிழ்நாடு மின்னணு நிறுவனம், அப்போதைய மேலாண்மை இயக்குநர் உமாசங்கரின் முயற்சியால் தன் அலுவலகப் பொறிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அதே 2007இல், சென்னையிலுள்ள சி-டாக் என்னும் மத்திய அரசு ஆய்வு நிறுவனம், டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்ற இந்திய இயங்குதளத்தின் முதற்பதிப்பை வெளியிட்டது. இந்திய மொழிகளில் பயன்படுத்தத் தக்கதாக அமைந்தது அதன் சிறப்பு. 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, விண்டோஸ், பாஸ் ஆகிய இரண்டும் அப்பொறிகளில் நிறுவப்பட்டிருந்தன. லட்சக்கணக்கான மாணவர் கைக்குக் கட்டற்ற இயங்குதளம் ஒரே வீச்சில் சென்று சேர்ந்தது. இதைவிடப் பெரிய வாய்ப்பு வேறு என்ன வேண்டும்?

அம்மடிக்கணினியைப் பெற்ற உறவினர் வீட்டுப் பிள்ளைகள் சிலரை நாம் கேட்டதுண்டு. பொறியைத் தொடங்கும்பொழுது திரையில் இரண்டு பெயர்கள் தோன்றும் என்றும், தாங்கள் எப்பொழுதும் விண்டோஸையே தேர்ந்தெடுத்ததாகவும் கூறினர். மற்றொன்றை ஏன் தொடவில்லை என்று கேட்டோம். "அதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை" என்றனர். கேட்ட எல்லாரும் ஏறக்குறைய அந்த ஒரே விடையைத்தான் தந்தனர். பொருள் கைக்கு வந்தது. அதனோடு ஓர் ஆசிரியர் வரவில்லை.

கேரளத்தில் நடந்தது வேறு. 2001இல் அங்கே பள்ளிகளுக்கான ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் தொடங்கிற்று. சில ஆண்டுகளில் அது கட்டற்ற மென்பொருளின் பக்கம் திரும்பியது. அவர்கள் முதலில் ஆசிரியர்களைப் பயிற்றினர். பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பிற ஆசிரியர்களைப் பயிற்றினர். பாடநூலும் செய்முறைத் தேர்வும் லினக்ஸை ஒட்டியே அமைந்தன. 2002இல் தோன்றிய சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்னும் தன்னார்வலர் குழு, மலையாள எழுத்துருக்களையும் மொழிபெயர்ப்புகளையும் ஆக்கித் தந்தது. அத்திட்டமே 2017இல் கைட் என்னும் அரசு நிறுவனமாக வளர்ந்தது. 2019இல் பள்ளிகளுக்கெனத் தொகுத்த புதிய லினக்ஸ் பதிப்பை வெளியிட்டபோது, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கு உரிமக் கட்டணம் செலுத்த வேண்டாமையால் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று அந்நிறுவனம் மதிப்பிட்டது. பணம் மிச்சமானது நன்று. அதைவிட நன்று, சிக்கல் வந்தால் கேட்பதற்கு ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியர் இருந்தது.

வெறும் ஆணையால் ஆகாது என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு சான்று உண்டு. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, பத்தாண்டுகளில் ஏறத்தாழ 15,000 பொறிகளை மாற்றியது. ஆயினும் நகரத் தலைமை மாறியபின், பிற அலுவலகங்களின் ஆவணங்களோடு ஒத்துப்போவதில் உள்ள இடர்ப்பாடுகளைப்பற்றிய குறைகள் வலுப்பெற்றன. 2017இல் நகரமன்றம் மீண்டும் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. அதே நாட்டில் ஷ்லேஸ்விக்-ஹோல்ஸ்டைன் என்னும் மாநிலம், 30,000 அரசுப் பொறிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றும் முடிவை 2024இல் அறிவித்துள்ளது. முன்னவர் பட்ட பாட்டைப் பின்னவர் பாடமாகக் கொள்வர் என்று நம்பலாம்.

நேயர்களே, இனி நம் தீவுகளுக்கு வருவோம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கே 3,80,581 பேர் வாழ்ந்தனர். வங்காளம், தமிழ், இந்தி, தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி முதலிய பல மொழிகள் இங்கே அன்றாடம் ஒலிக்கின்றன. இத்தொகை ஒரு பெருநிறுவனத்தின் கண்ணுக்குச் சந்தையாகத் தோன்றுமா? இதற்கு விடையை ஐஸ்லாந்து என்னும் மற்றொரு தீவில் காணலாம். 1998இல் அந்நாட்டின் மக்கள்தொகை மூன்று லட்சத்தை எட்டவில்லை. விண்டோஸைத் தங்கள் மொழியில் தருமாறு அவர்கள் வேண்டியபோது, சந்தை சிறிது என்று கருதி நிறுவனம் இணங்கவில்லை. நாட்டின் மொழியே அழிந்துவிடும் என்ற அச்சம் உலகப் பத்திரிகைகளில் எழுதப்பட்டது. பின்னர் 1999இல் நிறுவனம் இசைந்தது. சொந்த அரசு உடைய ஒரு நாடு இத்துணைப் போராட வேண்டியிருந்தது. கட்டற்ற இயங்குதளத்தில் இத்தகைய வேண்டுகோளுக்கே இடமில்லை. மொழிபெயர்க்க விரும்பும் எவரும் அமர்ந்து மொழிபெயர்க்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

தமிழுக்கு அது நடந்தது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே, பல நாடுகளில் வாழும் தமிழ் இளைஞர்கள் கூடி, லினக்ஸ் திரையில் தோன்றும் கட்டளைகளைத் தமிழில் பெயர்த்தனர். விண்டோஸுக்கும் அத்தகைய தமிழ்த் தொகுப்பு அதன் பின்னரே வந்தது. தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்களாகிய எங்களுக்கு இதில் பெருமையும் உண்டு, கூச்சமும் உண்டு. அவ்வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் மாணவர்களும் பொறியாளர்களுமே. கூலி பெறாமல் அவர்கள் இரவில் விழித்திருந்து செய்த பணி அது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்த் திரையைப் பார்த்த மாணவர்கள் மீண்டும் ஆங்கிலத் திரைக்கே திரும்பிவிடுவதையும் நாம் கண்டிருக்கிறோம். கோப்பு, சேமி, சாளரம் போன்ற சொற்கள் உடனே விளங்கிவிடுகின்றன. வேறு சில சொற்கள் அகராதியைத் தேட வைக்கின்றன. ஒரே பொருளுக்கு ஒரு பக்கத்தில் ஒரு சொல்லும் மறுபக்கத்தில் வேறு சொல்லும் நிற்கின்றன. இக்குறையைத் தீர்ப்பது பொறியியல் அறிஞரின் வேலை அன்று. எங்களைப் போன்ற கலைப் பட்டதாரிகளின் வேலை. வணிக மென்பொருளில் ஒரு சொல் பொருந்தவில்லை என்றால் முறையிடலாம். திருத்துவது அவர் விருப்பம். கட்டற்ற மென்பொருளில் அச்சொல்லை நாமே திருத்தி அனுப்பலாம். உரியவர்கள் ஆராய்ந்து ஏற்றால் அடுத்த பதிப்பில் உலகெங்கும் அது வழங்கும்.

நாங்கள் முதன்முதலில் இவ்வகை இயங்குதளத்தைக் கண்டது, தபாலில் வந்த ஓர் உறைக்குள். உபுண்டு என்னும் லினக்ஸ் பதிப்பை வெளியிடுவோர், 2005 முதல் 2011 வரை கேட்டவர்க்கெல்லாம் குறுந்தகட்டைக் கட்டணமின்றி அஞ்சலில் அனுப்பி வந்தனர். அந்நாளில் இத்தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பி இருந்தது. பெரிய தொகுப்பு ஒன்றை இறக்குவது என்பது இரவு முழுவதும் காத்திருந்து, விடியற்காலையில் தொடர்பு அறுந்து, மறுநாள் மீண்டும் தொடங்கும் வேலை. அந்த ஒரு தகடு எங்கள் குடியிருப்பில் பல வீடுகளுக்குச் சென்று வந்தது. எல்லாரும் படி எடுத்துக்கொண்டனர். படி எடுப்பது குற்றமாகாத ஒரு பொருளைக் கையில் வைத்திருந்தது எங்களுக்குப் புதிய அனுபவமாயிருந்தது. ஆயினும் அவ்வீடுகளில் மூன்று மாதத்துக்குப் பின்னும் அதைப் பயன்படுத்தியவர்கள், பக்கத்தில் கேட்பதற்கு ஆள் இருந்த வீட்டினர் மட்டுமே.

இன்று நிலைமை மாறிவிட்டது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. அன்று போர்ட் பிளேர் என்றும், 2024 முதல் ஸ்ரீ விஜய புரம் என்றும் வழங்கும் நம் தலைநகரோடு, கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் முதலிய தீவுகளையும் அது இணைக்கிறது. தகடு வரக் காத்திருந்த காலம் போயிற்று. எஞ்சியிருப்பது ஆள் இல்லாக் குறை ஒன்றே.

ஆள் இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு, நம்மைத் தாக்கிய அதே ஆழிப்பேரலையே சான்று தருகிறது. அப்பேரலை இலங்கையையும் தாக்கியது. காணாமற்போனோர், முகாம்களில் தங்கியோர், வந்து சேர்ந்த உதவிப் பொருள்கள் ஆகியவற்றைப் பதிந்து வைக்க ஏற்ற மென்பொருள் அவர்களிடம் இல்லை. அந்நாட்டு இளம் பொறியாளர்கள் சில வாரங்களுக்குள் சஹானா என்ற கட்டற்ற மென்பொருளை எழுதினர். 2005இல் பாகிஸ்தானில் நிலநடுக்கம் நேர்ந்தபொழுதும், 2010இல் ஹைட்டியில் நேர்ந்தபொழுதும் அது பயன்பட்டது. சிறு தீவிலிருந்தும் உலகுக்கு ஒன்றைத் தரலாம் என்பதை நாம் நினைவில் வைத்தல் நன்று.

நம் தீவுகளிலேயும் ஒரு முன்னோடி உண்டு. கார் நிக்கோபாரைச் சேர்ந்த பிஷப் ஜான் ரிச்சர்ட்சன், முதல் மக்களவையில் இத்தீவுகளின் நியமன உறுப்பினராக இருந்தவர். அவரே புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழியில் பெயர்த்தவர். விற்பனையைக் கணக்கிட்டிருந்தால் அந்த நூல் வந்தே இராது. 2011 கணக்கெடுப்பில் நிக்கோபாரி மொழி பேசுவோர் முப்பதாயிரத்தை எட்டவில்லை. அம்மொழியில் ஒரு சிறுமி கணிப்பொறித் திரையைப் படிக்க வேண்டும் என்றால், எந்தப் பெருநிறுவனத்தின் கணக்குப் புத்தகமும் அதற்கு இடம் தராது. கட்டற்ற இயங்குதளம் இடம் தரும். நிக்கோபாரி அறிந்த சில ஆசிரியர்கள் ஓராண்டு காலம் மாலைப் பொழுதுகளை ஒதுக்கினால், அடிப்படையான சொற்களையேனும் பெயர்த்துவிடலாம். நாம் இப்போட்டியில் அக்கறை கொள்வதற்கு இதுவே முதற்காரணம்.

ஆகவே நாம் செய்யத்தக்கவை யாவை? முதலில், இன்று எழுதும் எதையும் யூனிகோடு எழுத்துமுறையில் எழுதுவோம். பிறர்க்கு அனுப்பும் ஆவணங்களைத் திறந்த வடிவில் சேமிப்போம். இதற்கு இயங்குதளத்தை மாற்றவும் வேண்டியதில்லை. லிபர் ஆஃபீஸ் போன்ற கட்டற்ற மென்பொருள் விண்டோஸிலேயே இயங்கும். கோப்புகள் கட்டற்றுப் போனால், பின்னர் இயங்குதளத்தை மாற்றுவது எளிதாகும். எங்களுக்கு நேர்ந்த இழப்பும் பிறர்க்கு நேராது.

இரண்டாவது, ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற முயலாமல், ஒரு பள்ளியில் ஓர் அறையைத் தேர்ந்தெடுப்போம். கழித்துவிட்ட பழைய பொறிகளில் லினக்ஸை நிறுவுவோம். குறைந்த திறனுள்ள பொறியிலும் இயங்கத் தக்க பதிப்புகள் உண்டு. ஆனால் பொறிகளை வைப்பதற்கு முன்னர் இரண்டு ஆசிரியர்களைப் பயிற்றுவோம். ஒருவர் மாற்றலாகிச் சென்றாலும் மற்றவர் இருப்பார். தமிழில் படித்தறிய வழி இல்லை என்று சொல்வதற்கும் இல்லை; கணியம் என்னும் மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளை எளிய தமிழில் விளக்கி வருகிறது.

மூன்றாவது, அலுவலகங்களில் புதிய மென்பொருள் வாங்கும்பொழுது, கட்டற்ற மாற்று உண்டா என்று ஒரு வரி எழுதிக் கேட்போம். அரசுத் துறைகள் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்னும் கொள்கையை மத்திய அரசு 2015இலேயே வெளியிட்டுள்ளது. கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. கேட்பவர் இல்லாத கொள்கை அலமாரியிலேயே உறங்கும். சில பணிகளுக்கு இன்னும் விண்டோஸ்தான் வேண்டியிருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சில அச்சுப்பொறிகளும், கையொப்பக் கருவிகளும், கணக்கு மென்பொருள்களும் லினக்ஸோடு ஒத்துழைப்பதில்லை. அவ்விடங்களில் இருப்பதை இருக்க விட்டு, இயலும் இடங்களில் தொடங்குவோம்.

இறுதியாக, தெரிந்தவர் தெரியாதவர்க்கு உதவுவோம். வாரத்தில் ஒரு மாலை, ஒரு நூலக அறையில், இரண்டு பேர் அமர்ந்து வருவோரின் ஐயங்களைத் தீர்த்தாலும் போதும். கோடிக்கணக்கில் விளம்பரம் செய்யும் நிறுவனத்தோடு விளம்பரத்தில் நாம் போட்டியிட இயலாது. ஆனால் அந்நிறுவனம் அனுப்பி வைக்க இயலாத ஒன்றை நாம் தர இயலும்; நம் மொழியில் பேசி, நம் அருகில் அமர்ந்து சொல்லித்தரும் ஆளைத் தர இயலும்.

எங்கள் பிரிவில் அப்பழைய கோப்புகளை நாங்கள் இன்னும் அழிக்கவில்லை. தன்னார்வலர் எழுதி வெளியிட்ட எழுத்து மாற்றி ஒன்றின் உதவியால் அவற்றில் ஒரு பகுதியை மீட்டோம். எஞ்சியவற்றை ஓய்வு நேரத்தில் மீட்டு வருகிறோம். மீட்டவற்றைத் திறந்த வடிவில் சேமிக்கிறோம். எங்களுக்குப் பின் அந்த மேசையில் அமர்பவர், எந்தப் பொறியைக் கொண்டுவந்தாலும், அவற்றைத் திறந்து படிக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.